விழாமல் நடப்போம்: முதியோர்க்கும் இல்லத்தார்க்கும் ஒரு பாடம்

குழந்தை விழுந்து எழுந்தால் நடை பழகுகிறது என்று மகிழ்கிறோம். முதியவர் விழுந்தால் வயதாகிவிட்டது என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். முதலாவது எண்ணம் பொருத்தமானது, இரண்டாவது பொருத்தமற்றது. முதுமையில் விழுவது தவிர்க்க இயலாத ஒன்றன்று. வினைப்பயன் என்று கைகட்டி இருக்கத்தக்கதும் அன்று. அதற்குக் காரணங்கள் உள்ளன. அவற்றுட் பலவற்றை இல்லத்தில் இருந்தவாறே நாம் நீக்கிக்கொள்ளலாம்.

பாடம் நடத்தப் புகுமுன் அதன் நோக்கத்தைக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாம் முதன்முதலாகக் கற்ற முறை. அம்முறைப்படி இப்பாடத்தின் நோக்கங்களை இங்கே குறிக்கின்றோம்.

1. உடல் எவ்வாறு நிலைகொண்டு நிற்கிறது என்பதை அறிதல்.
2. விழுவதற்குரிய காரணங்களைப் பிரித்துணர்தல்.
3. வீட்டையும் உடலையும் அதற்கேற்பச் செம்மை செய்தல்.
4. விழுந்துவிட்டால் செய்வன, செய்யத்தகாதன இவையெனத் தெளிதல்.

விழுவதால் நேர்வது என்ன?

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்ததனால் உயிரிழக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தற்செயலான காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. இறந்தோரில் பெரும்பகுதியினர் 60 வயதைக் கடந்தோர். பல நாடுகளின் கணக்குப்படி, 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழுகின்றனர்.

விழுவோர் எல்லார்க்கும் எலும்பு முறிவதில்லை. ஆனால் இடுப்பெலும்பு முறிந்தால் அவ்வீட்டின் வாழ்க்கைமுறையே மாறிவிடும். அவ்வாறு முறிந்த முதியோரில் ஐவரில் ஒருவர் முதல் நால்வரில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் காலமாகின்றனர் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எஞ்சியோரிலும் பலர் முன்போல் நடப்பதில்லை. தாமே குளித்து, தாமே ஜினாலயம் சென்று, தாமே கடைவீதிக்குப் போய் வந்தவர் ஒரே நாளில் பிறர் கையை எதிர்நோக்கும் நிலையை அடைகிறார். எலும்பு முறிவினும் கொடியது இது என்பதை அனுபவித்தோர் அறிவர்.

விழுந்தபின் வரும் அச்சம் மற்றொரு தீங்கு. காயம் ஆறிய பின்னும் அச்சம் ஆறுவதில்லை. அச்சத்தால் நடையைக் குறைப்பர். நடை குறையக் கால் மெலியும். கால் மெலிய மீண்டும் விழுவர். இச்சுழலை உடைப்பதே இப்பாடத்தின் உயிர்நிலை.

உடல் எவ்வாறு நிலைகொள்கிறது?

நாம் அசையாமல் நிற்பதாக எண்ணும்போதும் உடல் சிறிது ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டத்தை மூளை கணந்தோறும் திருத்துகிறது. அதற்கு மூன்றிடங்களிலிருந்து செய்தி வருகிறது. முதலாவது கண். இரண்டாவது உட்செவி. அங்கே ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்புவதை அவை அறிவிக்கின்றன. மூன்றாவது பாதமும் மூட்டும் தசையும். தரை மேடா பள்ளமா, உறுதியா வழுக்கலா என்பதைப் பாதமே முதலில் உணர்கிறது.

இம்மூன்றில் ஒன்று குறைந்தால் மற்றிரண்டும் ஈடுசெய்யும். கண்ணை மூடி நின்றாலும் நாம் விழுந்துவிடுவதில்லை. ஆனால் நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர் இருளில் எழுந்து நடந்தால், கண்ணும் பாதமும் ஒருசேரக் கைவிடுகின்றன. நள்ளிரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் பலர் விழுவதற்கு இதுவே பெரிய காரணம்.

செய்தி வந்தால் மட்டும் போதாது. கட்டளையை நிறைவேற்றத் தசைக்கு வலிமையும் விரைவும் வேண்டும். தடுக்கியவுடன் மறுகாலை முன்னே வைத்து ஊன்றிக்கொள்பவர் விழுவதில்லை. முப்பது வயதுக்குப் பின் தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது. அறுபதுக்குப் பின் இன்னும் விரைவாகக் குறைகிறது. ஆனால் பயிற்சி செய்தால் எண்பதிலும் தசை வலுப்பெறும். இதனை நன்கு நினைவிற் கொள்க.

உடலில் உள்ள காரணங்கள்

இரத்த அழுத்தம்: படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் சிலருக்குக் கண் இருண்டு தலை சுற்றும். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 அளவோ கீழ் அழுத்தம் 10 அளவோ இறங்கினால் அது மருத்துவரிடம் சொல்லத்தக்க குறை. விழித்தவுடன் எழாமல் கணுக்காலைப் பலமுறை மேலும் கீழும் அசைத்து, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் அமர்ந்து, பின்னர்ப் பிடித்துக்கொண்டு எழுக.

மருந்துகள்: தூக்க மாத்திரை, மனச்சோர்வுக்குரிய மாத்திரை, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைக்கும் மாத்திரை ஆகியவை தடுமாற்றத்தை உண்டாக்கக்கூடும். நான்கு வகைக்கு மேல் உண்போர் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் ஆண்டுக்கொரு முறையேனும் காட்டுதல் நன்று. தாமாக நிறுத்துதல் கூடாது.

கண்: புரை வளர்ந்த கண்ணுக்குப் படியின் விளிம்பு தெரிவதில்லை. முதற்கண்ணில் புரை நீக்கிக்கொண்ட மூதாட்டியரிடையே விழுதல் 34 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் வெளியான இங்கிலாந்து நாட்டு ஆய்வு கூறுகிறது. நம் கரிசல் பகுதிக்கு இதில் பெருமை ஒன்றுண்டு. எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவையைக் கற்றுத் தேர்ந்தார். பணி ஓய்வுக்குப் பின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று ஏழை எளியோர்க்கும் புரை அறுவை எட்டும் தொலைவில் உள்ளது. புரை முற்றட்டும் என்று காத்திருத்தல் பழைய வழக்கம். இப்போது அதற்குத் தேவையில்லை. மற்றொன்று: மேலே தூரப்பார்வையும் கீழே கிட்டப்பார்வையும் அமைந்த கண்ணாடியை அணிந்து படியிறங்கினால், கீழ்ப்பகுதியின் வழியே படி மங்கலாகத் தெரியும். தலையை நன்கு தாழ்த்தி மேற்பகுதியின் வழியே படியைப் பார்த்து இறங்குக.

உணவு: நாம் ஊன் உண்ணாதவர். ஊனுணவின்றியும் உடல் வலிமையைக் காக்க முடியும். ஆனால் அறிந்து உண்ண வேண்டும். பி-12 என்னும் உயிர்ச்சத்து தாவரங்களில் இல்லை. நமக்குப் பாலும் தயிருமே வாயில். அது குறைந்தால் பாதம் மரத்து நடை தள்ளாடும். சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உண்போரிடம் இச்சத்து மேலும் குறையக்கூடும். எளிய இரத்தப் பரிசோதனையில் இது தெரியும், மாத்திரையால் சரியாகும். தசைக்குப் புரதம் வேண்டும். முதியோர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை நாள்தோறும் தேவை என்பது வல்லுநர் கருத்து. சிறுநீரக நோயுடையோர் மருத்துவரைக் கேட்டே அளவு கொள்ள வேண்டும். கரிசலில் விளையும் உளுந்திலும் பாசிப்பயற்றிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம் உள்ளது. அதே அளவு கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. பல் போயிற்றென்று கஞ்சியும் ரசஞ்சோறுமாகக் காலந்தள்ளுவோர், அதில் பாசிப்பயற்றையேனும் குழைய வேகவைத்துச் சேர்த்துக்கொள்க.

கரிசல் நிலமும் நம் வீடும்

நாம் வாழும் பசுவந்தனை, கோவில்பட்டியை அடுத்த கரிசல் நிலத்து ஊர். கரிசல் மண் நீரை உறிஞ்சி வீங்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆதலால் இங்கே இரு பருவத்திலும் கால் தவறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செருப்பின் அடியில் மண் அப்பி அப்பிக் கட்டியாகிவிடும். கால் கனத்துப் பாதம் கோணும். அதே செருப்புடன் வீட்டின் வழுவழுப்பான தரையில் கால் வைத்தால் சறுக்கும். பங்குனி, சித்திரை வெயிலிலோ நிலத்தின் வெடிப்பில் ஊன்றுகோலின் நுனி இறங்கிச் சிக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் வாசலில் ஒரு தகட்டையோ கல்லையோ வைத்து, மண்ணை வழித்துவிட்டே உள்ளே வருக. கோலின் அடியிலுள்ள ரப்பரில் மண் அடைத்தால் அதன் பிடிப்புப் போய்விடும், நாள்தோறும் கழுவுக, தேய்ந்தால் மாற்றுக. வெடித்த நிலத்தில் குறுக்கு வழியை விடுத்து வண்டிப்பாதையிற் செல்க.

வடபுலத்தில் திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பக்கத்தில் வாழும் நம் சமூகத்தார்க்குக் கரிசல் இல்லை. ஆயினும் வாசற்படியும் குளியலறையும் எங்கும் ஒன்றே. இல்லத்தார் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு முதியவர் நடக்கும் வழியிலேயே நடந்து கீழ்க்காண்பவற்றைச் சரிபார்க்கலாம்.

1. படுக்கையிலிருந்து கழிப்பறை வரையிலும் இரவில் மங்கிய விளக்கேனும் எரிகிறதா? விளக்கின் பொத்தான் படுத்த நிலையில் கைக்கு எட்டுகிறதா?
2. குளியலறைத் தரையில் பாசியோ சோப்பு நுரையோ தங்குகிறதா? சுவரில் கைப்பிடிக் கம்பி உண்டா? துண்டு தொங்கவிடும் கம்பி மனித எடையைத் தாங்காது; அதனைக் கைப்பிடியாகக் கொள்ளல் ஆகாது.
3. அமர்ந்து குளிக்கக் கால் அகன்ற, ஆடாத முக்காலி உண்டா?
4. நிலைப்படியின் விளிம்பும் மாடிப்படியின் விளிம்பும் வேறு நிறத்தில் தெளிவாகத் தெரிகின்றனவா? ஒரு கோடு மஞ்சள் வண்ணம் தீட்டினாலே போதும்.
5. கால்மிதி நழுவுகிறதா? மின்கம்பி நடைவழியில் கிடக்கிறதா?
6. அன்றாடம் எடுக்கும் பொருள்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் உள்ளனவா? பரணில் உள்ளதை எடுக்க முதியவர் முக்காலி மீது ஏறுதல் வேண்டா.
7. சேலைக் கொசுவமும் வேட்டி நுனியும் கணுக்காலுக்கு மேல் உள்ளனவா?
8. தேய்ந்த ரப்பர்ச் செருப்பை மாற்றினீர்களா? குதிகாலையும் பற்றிக்கொள்ளும் வார் உள்ளதே நன்று.

விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடும் மூதாட்டியர், தெளித்த நீர் வடிந்த பின்னரே அதன்மேல் நடக்க வேண்டும். குனிந்த நிலையிலிருந்து சட்டென நிமிர்வதையும் தவிர்க்க வேண்டும்.

நோன்பும் நடையும்

நோன்பு நாளில் நீரும் உணவும் குறைகின்றன. அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரை உண்பவர் உபவாச நாளிலும் அதே அளவில் உண்டால், அழுத்தமோ சர்க்கரையோ மிகத் தாழ்ந்து மயக்கம் வரலாம். தசலட்சணப் பருவம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே, எந்நாளில் எவ்வகை நோன்பு ஏற்கின்றோம் என்பதை மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவையும் வேளையையும் கேட்டுக்கொள்க. முழு உபவாசம் இயலாதவர் ஒருவேளை உண்ணும் நோன்பை ஏற்கலாம். ஆற்றலுக்கேற்ற விரதமே விரதம் என்பது நம் பெரியோர் வழக்கு. இரவுணவு கொள்ளாதோர் பகற்பொழுதிலேயே போதிய நீர் அருந்திவிட வேண்டும். சூரியன் மறையும் வேளையில் மொத்தமாகக் குடித்தால் இரவில் பலமுறை எழ நேரிடும். காலை முதற்கொண்டு பகிர்ந்து குடித்தல் நலம்.

துறவோர்க்குரிய ஐந்து சமிதிகளுள் இரியா சமிதி என்பது நடையைப் பற்றியது. பகலொளியில், நான்கு முழத் தொலைவு முன்னே தரையைப் பார்த்து, அவசரமின்றி, சிற்றுயிர்க்கு ஊறு நேராதவாறு நடத்தல் அது. அதன் நோக்கம் உயிரோம்பல், உடல்நலம் அன்று. ஆயினும் அவ்வாறு நடப்பவர் கல்லையும் குழியையும் முன்னரே கண்டுகொள்வர் என்பது வெளிப்படை. நடந்துகொண்டே பேசுதல், கைப்பேசியைப் பார்த்தல், வெளியே அழைப்பு மணி ஒலித்ததும் விரைந்தோடுதல் ஆகிய மூன்றையும் விட்டாலே இல்லறத்தார் இதனை ஓரளவு கைக்கொண்டவர் ஆவர்.

மலைத் தலங்களுக்குச் செல்வோர்க்கு ஒரு சொல். கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள கழுகுமலைச் சமணச் சிற்பங்களைக் காண வருவோர் பாறைமீது ஏற வேண்டும். சிரவணபெளகொளாவில் 600-க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. ஏறுவதினும் இறங்குவதே இடர் மிக்கது. ஏறும்போது வலுவுள்ள காலை முதலில் வைக்க. இறங்கும்போது வலுக்குறைந்த காலை முதலில் வைக்க. ஊன்றுகோலை வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையிற் கொள்க. கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால் மணிக்கட்டு மடிப்பு எவ்வளவு உயரமோ, கோலின் பிடியும் அவ்வளவு உயரம் இருக்க வேண்டும்.

நம்மை நாமே அளத்தல்

தேர்வின்றிப் பாடம் நிறைவு பெறாது. பின்வரும் மூன்று தேர்வுகள் மருத்துவர்களும் கையாள்வன. அருகில் ஒருவர் நிற்க, இவற்றைச் செய்து பார்க்கலாம்.

நாற்காலித் தேர்வு: கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு சாய்த்து வைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து அமர்கின்றோம் என எண்ணுக. 70 முதல் 74 வயது வரை உள்ள பெண்கள் 10 முறைக்கும், ஆண்கள் 12 முறைக்கும் குறைவாக எழுந்தால் கால் வலிமை போதாது எனக் கொள்க.

நடைத் தேர்வு: நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் தொலைவு இயல்பாக நடந்து, திரும்பி வந்து அமர்க. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு மிகுதி.

நிலைத் தேர்வு: ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்நுனியைத் தொடுமாறு ஒரே கோட்டில் நிற்க. 10 விநாடி நிற்க இயலாதவர் பயிற்சியைத் தள்ளிப்போடுதல் கூடாது.

பயிற்சிகள்

நியூசிலாந்து நாட்டின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில், வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிமுறை ஒன்றை வகுத்து, 1997-இல் அதன் பயனை வெளியிட்டனர். அதில் பங்குபெற்றோர் 80 வயதும் அதற்கு மேலும் ஆன மூதாட்டியர். அடுத்தடுத்து நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கையில் விழுதல் ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்தது. 2019-இல் 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பயிற்சியால் விழுதல் 23 விழுக்காடு குறைவது உறுதியாயிற்று. எந்த மருந்தும் தராத பயன் இது. கீழே கூறுவன அவ்வகையைச் சேர்ந்த எளிய பயிற்சிகள். சமையல் மேடையையோ சன்னல் கம்பியையோ பிடித்துக்கொண்டு செய்க.

1. நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து மெல்ல அமர்தல்: 10 முறை. மெல்ல அமர்வதில்தான் தொடைக்கு வலு.
2. இரு குதிகால்களையும் உயர்த்தி விரல்களில் நின்று இறங்குதல்: 10 முறை.
3. விரல்களை உயர்த்திக் குதிகாலில் நிற்றல்: 10 முறை. தடுக்காமல் கால் தூக்கி வைக்க இத்தசையே துணை.
4. முழங்காலை மடக்காமல் காலைப் பக்கவாட்டில் உயர்த்தி இறக்குதல்: காலுக்கு 10 முறை.
5. பக்கவாட்டில் 10 அடி நடந்து திரும்புதல்.
6. சுவரோரமாக அடிமேல் அடி வைத்து 10 அடி நடத்தல்.
7. ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்றல்.

முதலில் இரு கைகளாலும் பிடிக்க; பழகியபின் ஒரு கை; பின்னர் ஒரு விரல்; இறுதியில் பிடியின்றி. இவ்வேறுபாடே பயிற்சியின் உயிர். எளிதாகிவிட்ட பயிற்சி பயன் தருவதில்லை. சிறிது தடுமாறச் செய்வதே உடலுக்குப் பாடம் கற்பிக்கும். வாரத்திற்கு மூன்று நாளேனும் செய்க. பிற நாட்களில் நடைபயில்க. நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றினால் நிறுத்தி மருத்துவரைக் காண்க. அண்மையில் அறுவை செய்துகொண்டோரும் மூட்டு வீங்கியோரும் முன்கூட்டியே கேட்டறிந்து தொடங்குக.

தரையில் அமர்ந்து உண்பதும் எழுவதும் நம் முன்னோர் நாள்தோறும் அறியாமற் செய்த பயிற்சி. 2012-இல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்று, 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்து பார்த்தது. கையூன்றாமல் எழ வல்லார் நெடுநாள் வாழ்ந்தனர். மிகவும் இடர்ப்பட்டோரிடையே இறப்பு மிகுந்திருந்தது. முழங்கால் இடங்கொடுக்கும் வரை தரையில் அமரும் வழக்கத்தைக் கைவிடாதிருத்தல் நன்று. முழங்கால் தேய்ந்தோர் வற்புறுத்திச் செய்தல் வேண்டா.

கழுகுமலைப் பாறையில் கொடிகள் சுற்றிப் படர நிற்கும் பாகுபலியின் உருவத்தைக் கண்டோர், அசையாது நிற்றலின் அருமையை உணர்வர். அது தவத்தின் நிலை. நாம் கூறுவது உடற்பயிற்சி. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் தகாது. நிற்பதும் பழகிப் பெற வேண்டிய ஒன்று என்பதை மட்டும் அதனிடம் கற்கலாம்.

விழுந்துவிட்டால்

உடனே எழ முயலாதீர். சிறிது நேரம் அசையாமல் கிடந்து, எங்கே வலி என்று பாருங்கள். கடுமையான வலி இல்லையெனில் ஒருபக்கமாகப் புரண்டு, கைகளை ஊன்றி, முழங்காலில் நின்று, அருகிலுள்ள நாற்காலி வரை தவழ்ந்து செல்க. அதனை இரு கைகளாலும் பற்றி, வலுவுள்ள பாதத்தை முன்வைத்து எழுந்து அமர்க. தனியே வாழ்வோர் கைப்பேசியைக் கழுத்திலோ இடுப்புப் பையிலோ வைத்திருத்தல் நலம். கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் பேசி, குளியலறையில் விழுந்தவர்க்கு உதவாது.

இடுப்பிலோ தொடையிலோ கடுவலி, காலை ஊன்ற இயலாமை, ஒரு கால் குட்டையாகித் திரும்பி இருத்தல் ஆகியவை முறிவின் அறிகுறிகள். அப்போது தூக்கி நிறுத்த வேண்டா, நீவிவிட வேண்டா, எண்ணெய்க் கட்டுப் போட்டு நாட்களைக் கழிக்க வேண்டா. 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. இடுப்பு முறிவுக்கு இரண்டு நாட்களுக்குள் அறுவை செய்தல் சிறந்தது என்பது மருத்துவ உலகின் கருத்து. எழுபது வயதில் அறுவையா என்று குடும்பத்தார் கூடிப் பேசிக் கழிக்கும் ஒவ்வொரு நாளும், படுக்கைப் புண்ணுக்கும் நுரையீரல் நோய்க்கும் இடங்கொடுக்கிறது. தலையில் அடிபட்டவர் இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவராயின், காயம் தெரியாவிடினும் மருத்துவரைக் காண்க.

எலும்பு முறியாவிடினும், விழுந்த செய்தியை மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு மிகுதி. தமிழ்நாட்டில் முதியோர் மருத்துவம் புதிதன்று. 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வ.செ. நடராசன் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2024-இல் சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட இயலாதோர்க்கு வீட்டிற்கே வந்து இயன்முறைப் பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிக.

இல்லத்தார்க்கு ஒரு வேண்டுகோள்

நமக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் ஓராண்டில் மூன்று முறை விழுந்தார். மூன்றையும் மகனிடம் மறைத்தார். மருமகள் கேட்டபோது, கைச்சிராய்ப்பைச் சுவர் உரசியது என்றார். காரணம் கேட்டோம். “சொன்னால் நாளையிலிருந்து கோயிலுக்கு விடமாட்டார்கள் அம்மா” என்றார். நான்காம் முறை விழுந்தபோது மணிக்கட்டு முறிந்தது, மறைக்க இயலவில்லை. மருத்துவர் விசாரித்ததில், அவர் உண்டுவந்த இருவேறு மாத்திரைகள் அழுத்தத்தை மிகத் தாழ்த்தியிருந்தமை புலனாயிற்று. ஒன்றை மாற்றியதும் தலைசுற்றல் நின்றது. முதல் முறையே சொல்லியிருந்தால் மணிக்கட்டு முறிந்திராது.

அவர் ஏன் மறைத்தார் என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப்பார்க்க வேண்டும். “சும்மா ஓரிடத்தில் உட்காருங்கள்” என்று நாம் அன்பினாற் சொல்லும் சொல், முதியவர்க்குச் சிறைத்தண்டனையாகத் தோன்றுகிறது. அதற்கு அஞ்சி உண்மையை மறைக்கின்றனர். அன்றி, அதற்குக் கீழ்ப்படிந்து அமர்ந்துவிட்டால் சில மாதங்களில் கால்வலு குன்றி, முன்னிலும் எளிதாக விழுகின்றனர். நாற்காலியில் அமர்த்திக் காப்பது காப்பன்று.

ஆகவே, “நடக்காதீர்கள்” என்பதற்கு மாறாக, “வாருங்கள், உடன் நடப்போம்” என்று சொல்லுங்கள். விழுந்ததைச் சொன்னால் கடிந்துகொள்ள மாட்டோம் என்னும் உறுதியை முன்னதாகவே கொடுங்கள். பேரப்பிள்ளைகள் மாலையில் பாட்டிக்கு எண்ணிக்கை சொல்ல, அவர் பத்து முறை எழுந்து அமரட்டும். பிள்ளைகளுக்கு எண் பழகும்; பாட்டிக்குக் கால் பழகும். முதியோரும் ஒன்றை உணர வேண்டும். ஊன்றுகோலை நாணி மறைப்பதில் பெருமை இல்லை. கோலூன்றித் தன் வேலையைத் தானே செய்பவர், கோலின்றி வீட்டிற்குள் அடைந்திருப்பவரைவிட உரிமையுடன் வாழ்பவர்.

மீள்பார்வை வினாக்கள்

1. நிலைகொண்டு நிற்க மூளைக்குச் செய்தி வரும் மூன்று வாயில்கள் யாவை?
2. விழித்தவுடன் எழுதல் ஏன் கூடாது?
3. படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும்?
4. உபவாசத்திற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியது யாது?
5. விழுந்தவரைத் தூக்கி நிறுத்தக் கூடாத நிலை எது?
6. உங்கள் வீட்டில் இவ்வாரமே மாற்றத்தக்க மூன்று குறைகளைக் குறிப்பிடுக.

முதல் ஐந்துக்கும் விடை இக்கட்டுரையில் உள்ளது. ஆறாவதற்கு விடை உங்கள் இல்லத்தில் உள்ளது. அடுத்த இதழ் கைக்கு வருமுன் அம்மூன்றையும் நீக்கிவிடுங்கள். நம் மூத்தோர் தம் காலால் நடந்து ஆலயம் வந்து வழிபடும் பேறு நெடுநாள் நிலைப்பதாகுக.

அறம் வளர்க!